விழுந்தால் யாரும் தூக்கக் கூடாது

ரெண்டரை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, ஆட்டம் வைத்த பெயர். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும், அவர் உடம்பு எந்த அளவுக்குச் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று பார்த்து, ஒன்றிலிருந்து நாலரை வரை புள்ளி போடுவார்கள். களத்தில் இறங்கும் ஐந்து பேரின் புள்ளிகளைக் கூட்டினால் பதினான்கைத் தாண்டக்கூடாது. திடகாத்திரமான ஆட்களாகப் பொறுக்கி எடுத்து ஒரே அணியில் அடைத்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அவருக்கு இருபது வயதாக இருக்கும்போது மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று பேர் அவரைக் குனியச் சொல்லி, திரும்பச் சொல்லி, பந்தைத் தலைக்கு மேல் பிடிக்கச் சொல்லி, கடைசியில் இரண்டரை என்று எழுதினார்கள். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் அவர் ரெண்டரை. அக்காவுக்கு மட்டும் 'டேய்'.

இரண்டு வயதில் போலியோ வந்து கால்கள் இரண்டையும் முடக்கிப் போட்டது. ஆனால் போலியோவைவிட அவரை அதிகம் படுத்தியது ஊராரின் உதவிதான். பஸ் படியில், சினிமா வாசலில், ரேஷன் வரிசையில், கேட்காமல் கொள்ளாமல் எவனாவது பின்னாலிருந்து வந்து அக்குளில் கையைக் கொடுத்து, மூட்டையைத் தூக்குவது மாதிரித் தூக்கி வைத்துவிட்டு, புண்ணியம் சேர்ந்த முகத்தோடு போய்க்கொண்டே இருப்பான். அவர் போக நினைக்காத பஸ்ஸில்கூட இரண்டு முறை ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

ஆட்டத்துக்குப் போன முதல் வாரமே நாற்காலியோடு குப்புற விழுந்தார். பழக்க தோஷம், யாராவது வந்து தூக்குவார்கள் என்று காத்துக் கிடந்தார். ஒருத்தரும் வரவில்லை. கேப்டன் சக்கரத்தை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, தரை வசதியா இருக்கா? அங்கேயே குடித்தனம் பண்ணப் போறியா?"

நாலாவது முயற்சியில் தானே எழுந்தார். அப்போது வந்த சந்தோஷத்துக்கு ஈடாக வாழ்க்கையில் வேறெதுவும் கிடைக்கவில்லை என்று நாற்பத்தெட்டு வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். "கல்யாணம் பண்ணியிருந்தா கெடைச்சிருக்கும்" என்பாள் அக்கா. அந்த ஒரு நிமிஷத்தை அவர் வாழ்நாள் முழுக்கக் கொள்கையாகத் தூக்கிக்கொண்டு திரிந்தார். அதில்தான் வினையும் வந்தது.

ஆட்ட வயது தாண்டியது. பதினாறு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் இணைப்புக் கொடுக்கும் வேலை. அந்த இடத்துக்கு மிஷின் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய அணி கலைந்தபோது மிஞ்சிய பன்னிரண்டு ஆட்ட நாற்காலிகளை வாங்கிக்கொண்டார். அக்கா அதுவரை ஒரு சலவை நிலையத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து ஒரு தொழில் ஆரம்பித்தார்கள். ஆபீஸ்களில் அதற்கு 'டீம் பில்டிங்' என்று பெயர், பள்ளிக்கூடங்களில் 'ஒருங்கிணைப்பு நாள்'. இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான். அக்கா வேனைப் பின்பக்கமாக வாசலில் ஒட்டி நிறுத்துவாள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் பொத்தானை அமுக்கிக் கழற்றி அடுக்கிய இருபத்துநாலு சக்கரங்களையும் இறக்கி, திரும்பவும் மாட்டி, காற்றுப் பார்த்து வைப்பாள். கீழே அகன்று மேலே குறுகிய சக்கரங்கள், முன்னால் இடி தாங்கும் கம்பி, தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டும் பட்டை. நடக்கத் தெரிந்தவர்களை அதில் உட்காரவைத்துக் கட்டி, கையில் பந்தைக் கொடுத்து ஆடவிட வேண்டியது.

ஆபீஸ்காரர்கள் ஆடுவது பெரிய கூத்து. மானேஜர் ஒரே சக்கரத்தைத் தள்ளித் தள்ளி நின்ற இடத்திலேயே ராட்டினம் சுற்றுவார். வருஷக்கணக்கில் அவர்மேல் கறுவிக்கொண்டிருந்த கிளார்க் தெரியாததுபோல் வந்து இடிப்பார். முடிந்ததும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, இன்றைக்குக் கண் திறந்தது என்பார்கள். மறுநாள் அதே ஆபீஸில் அதே படிக்கட்டு, சரிவுப்பாதை கிடையாது. ரெண்டரைக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடங்களுக்காகத்தான் பொறுத்துக்கொண்டார். பிள்ளைகளிடம் எதையாவது மாற்ற முடியும் என்று நம்பினார்.

ஆட்டம் தொடங்குமுன் எல்லா இடத்திலும் ஒரே பிரசங்கம்தான். "பந்தை விட்டா பரவால்ல. இடிச்சா பரவால்ல. ஆனா ஒண்ணு. விழுந்தா யாரும் தூக்கக் கூடாது. அவங்களே எழுந்துப்பாங்க. பாத்துக்கிட்டு நில்லுங்க, அது போதும்."

அப்படிப் போன ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஆறு வயதில் கார் மோதி முதுகுத்தண்டு அடிபட்டு, அன்றிலிருந்து சக்கர நாற்காலி. விளையாட்டுப் பீரியடில் அவளை லைப்ரரிக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் வகுப்பில் அவள் பெயரே லைப்ரரி. கேலி என்றுகூடச் சொல்ல முடியாது, அவளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு இரண்டாவது மாடியில் நடந்தது. அவள் அங்கேயே தொடர்ந்து படிக்க வேண்டுமென்றால் வகுப்பைக் கீழே கொண்டுவர வேண்டும், ஆசிரியர்கள் தங்கள் அறையை விட்டுத் தர வேண்டும். நகரத்தின் மறுகோடியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே தனிப் பள்ளி இருக்கிறதே, அங்கே எல்லா வசதியும் உண்டே என்று நிர்வாகக் குழு இழுத்துக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை நல்ல மாதிரி. குழுவில் இரண்டு பேர் வந்து அவள் ஆடுவதைப் பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்ததே அவர்தான்.

அவளுடைய அம்மா பஸ் டெப்போவில், தொலைந்த பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும் கவுன்டரில் வேலை செய்தாள். போனில் ரெண்டரையிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஜெயிக்கணும்னு இல்ல சார். அவளைப் பாத்தா அவங்களுக்கு ஒரு பயம் வருது. அது போகணும். நல்லபடியா நடத்திக் குடுங்க."

மூன்று செவ்வாய்க்கிழமைகள் பயிற்சி. முதல் நாளே அம்மா ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து தந்தாள். 'இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை' என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அவர் படித்தார், மடித்தார், வேனில் முன் சீட்டுப் பெட்டிக்குள் வைத்தார். பெண்ணுக்கு எட்டு வருஷம் சக்கரம் தள்ளி உரமேறிய கைகள். மெத்தை விரித்து விழக் கற்றுக்கொடுத்தார், எழக் கற்றுக்கொடுத்தார். மூன்றாவது செவ்வாய்க்கிழமை வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் சாப்பாட்டு இடைவேளையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். போகும்போது ஒருத்தி இவள் நாற்காலியில் கை வைத்துக்கொண்டு பேசியபடி போனாள். ஒன்பதாம் வகுப்பில் அது பெரிய விஷயம்.

ஆட்ட நாளன்று கூடம் நிறைந்திருந்தது. குழுவின் இரண்டு பேரும் முன்வரிசையில், பக்கத்தில் தலைமையாசிரியை. ஓரத்தில் அம்மா, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. முதல் ஐந்து நிமிஷத்திலேயே எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்குகிறவன் ஒரு திருப்பத்துக்குள் மூன்று முறை மாட்டிக்கொண்டான். லைப்ரரி அவன் மடியிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். "எனக்குப் போடு, எனக்குப் போடு!" என்று நாலு பேர் அவளைப் பார்த்துக் கத்தினார்கள். அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

அப்போதுதான் அந்த ஓட்டக்காரன், நிறுத்தத் தெரியாமல், பக்கவாட்டில் வந்து மோதினான். அவள் நாற்காலி சாய்ந்தது, நின்று யோசிப்பதுபோல் ஒரு கணம் ஒற்றைச் சக்கரத்தில் நின்றது, பிறகு விழுந்தது. இடது கால் பட்டைக்குள்ளேயே திருகிக்கொண்டு சட்டத்துக்கு அடியில் போனது. பெண்கள் வீரிட்டார்கள். விளையாட்டு ஆசிரியர் ஓடி வந்தார். அம்மா எழுந்துவிட்டாள்.

ரெண்டரை கையை உயர்த்தினார். "யாரும் தொடாதீங்க! விடுங்க! அவளே எழுந்துப்பா!"

எல்லாரும் அப்படியே நின்றார்கள். அவள் கையை ஊன்றினாள், வழுக்கியது. மறுபடி ஊன்றினாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. மூச்சு விடும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஒரு உலுக்கு, இரண்டு உலுக்கு, மூன்றாவதில் நாற்காலி நிமிர்ந்தது. கை தட்டல் கூரையைப் பிய்த்தது. குழுக்காரர் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் பதினொரு நிமிஷம் ஆடினாள். ஒரு கூடையும் போட்டாள்.

முடிந்ததும் அவரிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஒரு மாதிரி தலை சுத்துது சார். ரொம்ப தாகமா இருக்கு."

"மொத மேட்ச்ல எல்லாருக்கும் அப்படித்தான். தண்ணி குடி, சரியாயிடும்" என்றார். அவளைத் தட்டிக்கொடுத்தார். தோளில்தான். காலை அவர் பார்க்கவேயில்லை.

சாயங்காலம் உடை மாற்றும்போது அம்மா பார்த்தாள். முழங்காலுக்குச் சற்று மேலே தொடை இரண்டு மடங்கு வீங்கி, பாதம் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. எலும்பு முறிந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை விளையாட்டு ஆசிரியர் போன் செய்தபோது ரெண்டரை வேன் பக்கத்தில் காற்றடிக்கும் பம்பைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது பழைய அணியின் வெல்டர். நாற்காலிகளுக்குப் பற்றவைக்க வருகிற ஆள். கால் உணர்ச்சி இல்லாத ஆட்டக்காரர் யார் விழுந்து எழுந்தாலும், அந்த வெல்டர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலையும் கையால் தடவிப் பார்ப்பார், ஷூவைக் கழற்றிப் பார்ப்பார். பிறகுதான் விசில். ரெண்டரை அதை நூறு தடவை பார்த்திருக்கிறார். அவரை யாரும் தடவிப் பார்த்ததில்லை, தேவையும் இல்லை. போலியோக் கால் அசையாதே தவிர வலிக்கும், குளிரும், எறும்பு கடித்தால் தெரியும். எல்லா முடங்கிய காலும் தன் கால் மாதிரிதான் என்று உள்ளுக்குள் எங்கேயோ நினைத்துவிட்டார். நடக்கிறவர்கள் செய்கிற தப்பு இல்லை இது. அவர்களாக இருந்திருந்தால் ஓடிப்போய்த் தூக்கி, காலைப் பார்த்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் மாவுக்கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டு முழுக்க வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்து. இடித்த பையன் இரண்டு முறை வந்து அழுதுவிட்டுப் போனானாம்.

"சார், நானே எழுந்தேன்ல?"

"எழுந்த."

"உடைஞ்ச காலோட எழுந்தேன் சார்! டாக்டரே நம்பல."

அவர் வராந்தாவில் அம்மாவைத் தனியாகப் பார்த்து, எல்லாவற்றையும் சொன்னார். வெல்டரைப் பற்றி, படிவத்தைப் பற்றி, உள்ளே ரத்தம் கசிந்ததால் வந்த தாகத்தை அவள் சொல்லியும் தான் தள்ளிவிட்டதைப் பற்றி. அம்மா சுவரைப் பார்த்தபடி கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"தினம் ரெண்டு வேளை அவ காலைப் பாக்கறவ நான். செருப்பு கடிச்சிருக்கா, சூடு பட்டிருக்கான்னு எட்டு வருஷமா பாக்கறேன். அன்னிக்கு நானும் பாக்கல சார். நானும் கை தட்டிக்கிட்டுதான் இருந்தேன்."

இரண்டு நாள் கழித்துத் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரு கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. எந்த விளையாட்டிலும் நேரக்கூடிய சாதாரண விபத்து, மாணவி விழுந்தவுடன் பயிற்சியாளர் முறைப்படி பரிசோதித்தார், அப்போது காயம் எதுவும் தெரியவில்லை. கீழே அவர் கையெழுத்துக்கு இடம்.

"ஃபுட்பால்ல வருஷத்துக்கு நாலு பேர் கை காலை ஒடிச்சுக்கிறாங்க. அதுக்காக யாரையும் வேற ஸ்கூலுக்கு அனுப்பறதில்ல. இவளுக்கும் அதையேதான் சொல்லப் போறேன். குழுவில மூணு பேர் நம்ம பக்கம். இது இருந்தா போதும்" என்றார்.

"நான் பரிசோதிக்கலையே மேடம்."

"எனக்குத் தெரியும்" என்றார் தலைமையாசிரியை, மெதுவாக. "நாளைக்குள்ள குடுங்க."

வேனில் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தாள். "போடு கையெழுத்தை. அந்தப் பொண்ணுக்கும் நல்லது, உனக்கும் நல்லது. யாருக்குடா நஷ்டம்?"

"பொய்யிக்கா."

"பொய்தான். பொல்லாத அரிச்சந்திரன்!"

அவர் போடவில்லை. அன்று மத்தியானமே உட்கார்ந்து தன் கைப்பட இரண்டு பக்கம் எழுதினார். தப்பு முழுக்கத் தன்னுடையது, மாணவியின் உடல்நிலையுடையது அல்ல, பள்ளியுடையதும் அல்ல, செய்திருக்க வேண்டிய சோதனையை மறந்ததும் தான்தான் என்று. எழுதி நிர்வாகக் குழுவுக்கு அனுப்பியதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அது இறங்கியதை அவர் கவனிக்கவும் செய்தார், பாவம், நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டார். பழியைத் தான் ஏற்றுக்கொண்டால் அவளை யாரும் குறை சொல்ல முடியாது என்பது அவர் கணக்கு.

குழு வேறு கணக்குப் போட்டது. முப்பது வருஷமாக இதிலேயே ஊறிய ஆள், அதுவும் தானே சக்கர நாற்காலியில் இருக்கிறவர், அவராலேயே அந்தப் பெண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. கணக்கும் அறிவியலும் நடத்துகிற நம் ஆசிரியர்கள் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? நின்றுகொண்டு கை தட்டினாரே, அவர்தான் இதைக் கேட்டாராம். தனிப் பள்ளிக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. மற்றப் பள்ளிகளும் ரெண்டரையைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன, அது வேறு கதை.

தலைமையாசிரியை போனில் இதைச் சொன்னார். திட்டவில்லை. "உங்க லெட்டரை வாசிக்காம மறைக்க என்னால முடியல, குழு பேருக்கே வந்துடுச்சு" என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அம்மாவிடம் தானே சொல்ல வேண்டும் என்று பஸ் டெப்போவுக்குப் போனார். கம்பித் தடுப்புக்குப் பின்னால் குடைகள், டிபன் கேரியர்கள், ஒற்றைக் குழந்தைச் செருப்பு, ஒரு மூக்குக் கண்ணாடிக் குவியல். ஒவ்வொன்றிலும் தேதியும் பஸ் எண்ணும் எழுதிய சீட்டு. அவள் ஒரு குடைக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டே கேட்டாள். அவர் முடித்ததும் நூலை முடிச்சுப் போட்டாள்.

"அந்தக் கடுதாசி எழுதறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"உண்மையைத்தானே எழுதினேன்..."

"உண்மைதான். இல்லங்கல. என்கிட்டதான் வராந்தாவிலேயே சொல்லிட்டீங்களே, அதோட விட்டிருக்கலாம். உங்க மனசு லேசாகணும்னு அவங்களுக்கும் எழுதிட்டீங்க." அவள் குரல் ஏறவில்லை. "எனக்கு அஞ்சு மணி வரைக்கும் வேலை. அவ வீட்டுலதான் இருக்கா, பக்கத்து வீட்டு அண்ணி பாத்துக்கறாங்க. நீங்களே போய்ச் சொல்லிடுங்க. என்னால முடியாது."

வீடு டெப்போவுக்குப் பின் தெருவில் இருந்தது. கதவைத் திறந்த பக்கத்து வீட்டு அண்ணி அவரை உள்ளே விட்டுவிட்டு, துணி எடுக்கப் போனாள். லைப்ரரி ஜன்னல் பக்கம், கட்டுப் போட்ட காலைப் பலகையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பத்தாம் வகுப்புப் புத்தகம். வகுப்புத் தோழி கொண்டுவந்து கொடுத்ததாம், கீழ்த்தளத்தில் எந்த அறை கிடைக்கும் என்றுகூட அவர்கள் பேசி முடித்துவிட்டார்களாம். அவர் அவள் பேச்சை நடுவிலேயே நிறுத்தி, சுற்றி வளைக்காமல் சொன்னார். தான் எழுதியதையும் சொன்னார்.

அவள் அழவில்லை. புத்தகத்தை மூடினாள்.

"நான் அன்னிக்கு எழுந்திருக்காம அப்படியே கெடந்திருந்தா, யாராவது வந்து தூக்கியிருப்பாங்கல்ல சார்?"

"ஆமா."

"தூக்கும்போது கால் உடைஞ்சது தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்ப சாதாரண அடிதான்னு விட்டிருப்பாங்க. நான் ஸ்கூல்லயே இருந்திருப்பேன்." அவள் கட்டின்மேல் இருந்த கையெழுத்துகளைப் பார்த்தாள். "நான்தான் எழுந்துட்டேன்."

"இல்லம்மா. நீ எழுந்தது தப்பே இல்ல. நீ எழுந்ததும் நான் வந்து உன் காலைத் தொட்டுப் பாத்திருக்கணும். தப்பு என்னோடது. எல்லாம் என்னோடது."

"சரி சார்" என்றாள் அவள், பெரியவர்களுக்குச் சொல்கிற சரியாக. அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. அவர் மறுபடி சொன்னார், மூன்றாவது தடவையும் சொன்னார். அவள் ஒவ்வொரு தடவையும் சரி சார் என்றாள்.